அரிசி இலவசம், புரதம் யாருக்கு?

செய்யாற்றங்கரையில் உள்ள மாகறல், நெல் விளையும் ஊர். உத்திரமேரூர் வட்டாரத்தின் பிற ஊர்களைப் போல இங்கும் நடவும் களையெடுப்பும் பெரும்பாலும் சேரி மக்களின் உழைப்பு. அவர்கள் தட்டில் சோறு இருக்கிறதா என்று மட்டுமே அரசுகள் கேட்டு வந்துள்ளன. சோற்றோடு வேறென்ன இருக்கிறது என்பதே நமது கேள்வி.

உடலுக்கு நிறைய வேண்டியவை மாவுச்சத்து, புரதம், கொழுப்பு ஆகிய மூன்றும். மாவுச்சத்தும் கொழுப்பும் உழைக்க ஆற்றல் தருகின்றன. தசை வளரவும் புண் ஆறவும் புரதமே வேண்டும். 55 கிலோ எடையுள்ள பெண்ணுக்கு நாளொன்றுக்கு ஏறக்குறைய 46 கிராம் புரதம் தேவை என்பது தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் 2020ஆம் ஆண்டுப் பரிந்துரையிலிருந்து பெறப்படும் கணக்கு.

தமிழ்நாட்டில் 2011 முதல் ரேஷன் அரிசி விலையில்லாமல் கிடைக்கிறது. துவரம் பருப்போ அட்டைக்கு மாதம் ஒரு கிலோ, 30 ரூபாய். நால்வர் குடும்பத்தில் ஆளுக்கு நாளொன்றுக்கு 8 கிராம் பருப்பு. அதிலுள்ள புரதம் 2 கிராமுக்கும் குறைவு. அரிசியிலும் புரதம் உண்டு. ஆனால் அதில் லைசின் என்னும் அமினோ அமிலம் குறைவு. பருப்பு, முட்டை, இறைச்சி ஆகியவற்றுள் ஏதேனும் சேர்ந்தால்தான் அக்குறை தீரும்.

இவற்றுள் மாட்டிறைச்சி ஏழைகளுக்கு எட்டும் விலையில் கிடைப்பது. அதனை உண்போர் மீதுதான் சாதி இழிவைச் சுமத்துகிறது. 2022இல் அறிவிக்கப்பட்ட ஆம்பூர் பிரியாணித் திருவிழாவில் மாட்டிறைச்சி பிரியாணிக்கு இடம் மறுக்கப்பட்டது. அது பாகுபாடு என மாநில ஆதிதிராவிடர், பழங்குடியினர் ஆணையம் ஆட்சியரிடம் விளக்கம் கேட்டது. பள்ளிச் சத்துணவில் 2010 முதல் வாரம் ஐந்து முட்டை வழங்கப்படுகிறது. அதே ஆட்சியாளர்களின் வழிவந்தோர் 2022இல் தொடங்கிய காலை உணவுத் திட்டத்தில் உப்புமா, கிச்சடி, பொங்கல் உண்டு, முட்டை இல்லை.

இக்குறையின் வேர் நிலத்தில் உள்ளது. அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தில், மாகறலும் அடங்கியிருந்த அம்மாவட்டத்தில், ஒடுக்கப்பட்ட மக்களின் நிலையை ஆட்சியர் திரமென்ஹீர் 1891இல் அறிக்கையாக்கினார். 1892இல் பஞ்சமி நிலம் வழங்க ஆணை பிறந்தது. அந்நிலங்களில் பெரும்பகுதி பிறர் கைக்குப் போய்விட்டது. நிலமிருந்தால் வரப்பில் உளுந்தும் கொல்லையில் கோழியும் கறவை மாடும் இருந்திருக்கும்.

எனவே நாம் கோருபவை மூன்று: ரேஷனில் பருப்பின் அளவை உயர்த்துக, காலை உணவிலும் முட்டை வழங்குக, பஞ்சமி நிலங்களை மீட்டு உரியவர்களிடம் ஒப்படைக்க. நெல்லை விளைவிப்போருக்கு அரிசியை இலவசமாகத் தருவதோடு அரசின் கடமை முடிந்துவிடாது.