துடுப்பு ஊர்க்காரர் கையில் இருக்கட்டும்

விடுமுறைக்கு எங்கே போகலாம் என்று வீட்டில் பேச்சு எடுத்தால் இப்போதெல்லாம் மாலத்தீவு, பாலி, அந்தமான் என்றுதான் பெயர்கள் வருகின்றன. தெளிந்த கடலில் கண்ணாடியும் மூச்சுக்குழாயும் மாட்டிக்கொண்டு, முகத்தைக் கவிழ்த்து மிதந்தபடி பவளப்பாறையைப் பார்க்க வேண்டுமாம். அதற்கு ஸ்நார்கெலிங் என்று பெயர். விடிகாலையில் பைனாகுலரை எடுத்துக்கொண்டு பறவை பார்க்க வேண்டுமாம். நல்ல ஆசைதான். ஆனால் இது எல்லாம் நம் ராமநாதபுரம் கடற்கரையிலேயே இருக்கிறது. போகிறவர்கள் போய் வாருங்கள். போகும்போது ஒரு கேள்வியை மட்டும் கையோடு எடுத்துச் செல்லுங்கள்: நாம் கொடுக்கும் காசு யார் கைக்குப் போகிறது?

அடி அண்ணாமலைக்காரனுக்குக் கடலைப் பற்றி என்ன தெரியும் என்று கேட்பீர்கள். எங்களுக்குச் சமுத்திரம் என்பது ஓர் ஏரியின் பெயர்தான். ஆனால் வெளியூர்க் கூட்டம் வந்து இறங்கினால் ஒரு கிராமம் என்ன ஆகும் என்பது எங்களுக்கு நன்றாகவே தெரியும். 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையில் எங்கள் ஊரும் ஒரு நிறுத்தம். பௌர்ணமிக்கு லட்சக்கணக்கில் வருகிறார்கள். டீக்கடை, பூக்கடை, இளநீர், வாடகை அறை என்று பலர் பிழைக்கிறார்கள். அதை மறுக்க மாட்டேன். ஆனால் கழனியாக இருந்த நிலம் மனையாகி யார் யார் பெயருக்கோ போய்விட்டது. மறுநாள் காலையில் குப்பையைப் பெருக்குவது உள்ளூர்ப் பெண். பெரிய லாபக் கணக்கைப் பார்ப்பது வேறு எங்கோ இருக்கும் ஒருவர். ராமேஸ்வரம் பக்கத்துச் செய்திகளையும் நான் இந்தக் கண்ணோடுதான் படிக்கிறேன்.

தூத்துக்குடிக்கும் ராமேஸ்வரத்துக்கும் நடுவே மன்னார் வளைகுடாவில் 21 சிறு தீவுகள் வரிசையாகக் கிடந்தன. 1986ல் அவற்றையும் சுற்றியுள்ள கடலையும் சேர்த்துக் கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவித்தார்கள். அது தேவைதான். பவளப்பாறையை வெட்டிச் சுண்ணாம்புக் காளவாய்க்கு ஏற்றிய காலம் ஒன்று இருந்தது. பாறை வகைப் பவளம் ஆண்டுக்கு ஒரு சென்டிமீட்டர் அளவே வளரும். வெட்டுவதற்கு ஒரு கடப்பாரை போதும். அலையைத் தடுத்த பாறை போனதும் பூவரசன்பட்டி, விலாங்குசல்லி என்ற இரண்டு தீவுகள் நீருக்குள் போய்விட்டன. 2010லும் 2016லும் கடல் சூடேறி, மிச்சமிருந்த பவளமும் வெளுத்தது. ஆகவே காவல் வேண்டாம் என்று யாரும் சொல்ல முடியாது.

ஆனால் காவல் போட்டபோது ஒரு கூட்டத்தாரின் பிழைப்பு வேலிக்கு வெளியே நின்றுபோனது. பாம்பன், மண்டபம் பக்கத்துப் பெண்கள் தலைமுறையாக இந்தத் தீவுகளைச் சுற்றி மூழ்கிக் கடற்பாசி எடுத்துவந்தவர்கள். கண்ணாடியும், விரலில் சுற்றிய துணியும், ஒரு பையும்தான் அவர்களுடைய கருவி. சட்டம் வந்தபின் அவர்கள் அத்துமீறி நுழைகிறவர்கள் ஆனார்கள். அப்படியும் அவர்களே கூடிப் பேசி, பாசி எடுக்கும் நாள்களைக் குறைத்துக்கொண்டார்கள். அவர்களில் ஒருவரான சின்னப்பாலம் லட்சுமிக்கு 2015ல் சீகாலஜி என்ற அமெரிக்க அமைப்பு விருது கொடுத்துக் கௌரவித்தது. உலகம் கண்டுகொண்ட பெண்ணை நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்?

இப்போது குருசடைத் தீவுக்குச் சுற்றுலாப் பயணிகளை வனத்துறையே படகில் அழைத்துப் போகிறது. விவேகானந்தர் 1897ல் வந்து இறங்கிய அதே குந்துகாலிலிருந்துதான் படகு புறப்படுகிறது. வனத்துறை அழைத்துப் போவதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. என் கேள்வி வேறு. சீட்டு வாங்கியவர் கால் வைக்கலாம், பாட்டன் காலத்திலிருந்து அந்தத் தண்ணீரில் மூழ்கியவள் கால் வைக்கக் கூடாது என்றால் அது என்ன நியாயம்? பயணிக்குக் கடலைக் காட்டும் வழிகாட்டியாக அந்தப் பெண்களே இருக்க வேண்டும். எந்தப் பாறையில் எந்த மீன் அடையும் என்பது அவர்களைவிட யாருக்குத் தெரியும்? ஸ்நார்கெலிங் என்ற பெயர்தான் புதிது. முத்துக்குளியும் சங்குக்குளியும் நடந்த கரை அது.

இது நடக்காத காரியம் அல்ல. பாக் நீரிணைப் பக்கம், தொண்டிக்குத் தெற்கே, காரங்காடு என்ற மீனவ கிராமம் இருக்கிறது. வனத்துறையும் கிராமத்தாரும் சேர்ந்து அங்கே சுற்றுலா நடத்துகிறார்கள். ஊர் இளைஞர்கள் படகு ஓட்டி அலையாத்திக் காட்டின் நடுவே கூட்டிப்போகிறார்கள். நாரையும் கொக்கும் கடற்காகமும் கண்முன்னே. வெளிக்கடலில் கண்ணாடி மாட்டி இறங்கினால் கடற்புல் வெளி. கரையேறினால் ஊர்ப் பெண்கள் சமைத்த நண்டும் மீனும். என்னைப் போல எழுபது கடந்தவர்கள் தண்ணீரில் இறங்க வேண்டியதில்லை. படகில் உட்கார்ந்து பறவை பார்த்தாலே போதும். பிரெஞ்சுப் பள்ளியில் படித்த எனக்குப் பறவைகளின் பெயர்கள் முதலில் புத்தகத்தில் பிரெஞ்சிலேயே அறிமுகமாயின. பூநாரைக்கு ‘ஃப்ளமான்’ என்றுதான் முதலில் படித்தேன். ஆனால் கடற்பசுவை அந்தக் கரையில் ‘ஆவுளியா’ என்கிறார்களே, அந்தச் சொல் எந்தப் பாடப்புத்தகத்திலும் எனக்குக் கிடைக்கவில்லை. அதைச் சொல்லிக் காட்ட அந்தக் கரையில் வளர்ந்தவர் வேண்டும்.

தனுஷ்கோடியின் கதை வேறு. 1964 டிசம்பர் புயலில் அழிந்த ஊர் அது. மீனவர்கள் மட்டும் கீற்றுக் குடிசைகளில் தங்கியிருந்தார்கள். 2017ல் அரிச்சல்முனை வரை சாலை திறந்தார்கள். அதுமுதல் கார் போகாத நேரம் இல்லை. பூநாரைகள் வந்து இறங்கும் நீர்ப்பரப்பு சாலையோரத்திலேயே இருக்கிறது. 2025 ஜூனில் அங்கே 524.7 ஹெக்டேரைப் பூநாரைச் சரணாலயமாகத் தமிழக அரசு அறிவித்தது. மிக நல்ல காரியம். ஆனால் காரை நிறுத்திவிட்டுக் கைதட்டிப் பறவையைப் பறக்கவைத்துப் படம் எடுப்பவரை அறிவிப்பு மட்டும் தடுக்காது. வடதுருவத்துப் பக்கமிருந்து மனோலி, முசல் தீவுகளுக்கு வரும் உள்ளான் வகைகளையும் எண்ணிப் பாருங்கள். ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் பறந்து மெலிந்து வருகிறவை, திரும்பிப் போகக் கொழுப்பைச் சேர்த்தாக வேண்டும். நாம் ஒரு முறை விரட்டினால் அந்தச் சேமிப்பில் ஒரு பங்கு போய்விடும்.

வெளிநாட்டிலும் இதே பாடம்தான். இந்தோனேசியாவின் ராஜா அம்பாட் தீவுகளில் கிராமத்தார் தங்கள் குடிசை விடுதிகளில் பயணிகளைத் தங்கவைத்து, சொர்க்கப் பறவையையும் பவளத்தையும் தாங்களே காட்டுகிறார்கள். அதே இடத்தில் 2017 மார்ச்சில், பறவை பார்க்க வந்தவர்களை ஏற்றிக்கொண்டு திரும்பிய ஒரு சொகுசுக் கப்பல் பவளப்பாறையில் ஏறி நின்றது. முதல் கணக்கிலேயே சுமார் 13,500 சதுர மீட்டர் நாசம். பார்க்க வந்ததும் ரசிகர்கள்தான், அழிந்ததும் அவர்கள் ரசித்ததுதான். கிராமத்து வள்ளம் அப்படி ஒரு சேதத்தை நூறு வருஷம் ஓடினாலும் செய்யாது.

சிலர், யாருமே போக வேண்டாம், அடைத்துவிடுங்கள் என்கிறார்கள். வருமானம் இல்லாத காவல் ஊராருக்குப் பகையாகிவிடும். பகையான காடும் கடலும் நிலைக்காது. வேறு சிலர், பெரிய ஓட்டல் வந்தால்தான் வேலை வரும் என்கிறார்கள். ஓட்டலில் ஊர்க்காரனுக்குக் கிடைப்பது வாட்ச்மேன் வேலை; படகில் அவன் முதலாளி.

ஆயுள் முழுக்க அரசு அலுவலகத்தில் பேரேடு எழுதியவன் என்ற முறையில் மூன்றே கோரிக்கை வைக்கிறேன். ஒரு நாளைக்கு இத்தனை பேர் என்று எண்ணிக்கை கட்ட வேண்டும். திருவிழா, நீண்ட விடுமுறை என்று தளர்த்தக் கூடாது. வழிகாட்டி வேலையில் முதல் உரிமை பாசி எடுக்கும் பெண்களுக்கும் அந்தந்த ஊர் மீனவர்களுக்கும் இருக்க வேண்டும். மாதாமாதம் எத்தனை சீட்டு, எவ்வளவு வசூல், ஊருக்கு எவ்வளவு என்ற கணக்கை ஊர்ப் பலகையில் எழுதி ஒட்ட வேண்டும். கணக்கு வெளிச்சத்தில் இருந்தால் பாதிச் சண்டை வராது.

நம் பங்குக்கும் கொஞ்சம் உண்டு. ஐப்பசிக்கும் மாசிக்கும் இடையில் போனால் வலசைப் பறவைகள் இருக்கும். கடல் எப்படி என்று முன்பே விசாரித்துக்கொள்ளுங்கள். பேரப்பிள்ளைகள் பவளத்தின்மேல் கால் ஊன்றாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அது கல் அல்ல, உயிர். சங்கோ சிப்பியோ பொறுக்கி வராதீர்கள். படகுக்காரர் கேட்கும் கூலியில் பேரம் பேசாதீர்கள். எங்கள் கிராமத்துக்கு வருகிறவர்கள் இப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று நான் ஆசைப்படுகிறேன். நாம் போகும் ஊரிலும் நாம் அப்படி நடப்பதுதான் முறை.