மந்திரி சபையில் கொடுத்த வாக்கு எங்கே போகிறது?
பனமலை ஏரியும் சட்டசபைக் குழுக்களும்

செஞ்சிப் பக்கம் பனமலையில் மலை மேலே ராஜசிம்ம பல்லவன் கட்டிய தாளகிரீஸ்வரர் கோவில். கீழே பெரிய ஏரி. கோவிலுக்கு வயது சுமார் 1,300. கல் அசையாமல் நிற்கிறது. ஏரிக்குத் தண்ணீர் வருமா என்பதுதான் ஒவ்வொரு வருஷமும் கேள்வி!

இந்த ஏரிக்குத் தண்ணீர் கொண்டுவர வேண்டியது நந்தன் கால்வாய். திருவண்ணாமலை மாவட்டம் கீரனூர் அணைக்கட்டில், துரிஞ்சலாற்றில் தொடங்குகிறது. நீளம் சுமார் 38 கிலோமீட்டர். இதை நம்பி 36 ஏரிகள். வரிசையில் கடைசியாக உட்கார்ந்திருப்பது பனமலை. கடைசிப் பந்திக்காரன் கதைதான். முதல் பந்தியிலேயே சோறு தீர்ந்துவிட்டால் இலை காலி!

துரிஞ்சலாறு மழையை நம்பிய ஆறு. அதனால் சாத்தனூர் அணைத் தண்ணீரை இந்தக் கால்வாயில் சேர்க்க வேண்டும் என்பது விவசாயிகளின் நீண்டநாள் கோரிக்கை.

"அதெல்லாம் சரி, சட்டசபைக் குழுவுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?" என்று கேட்பீர்கள். சம்பந்தம் இருக்கிறது. ஒரு கால்வாய் பற்றிய பேச்சு சபையில் எத்தனை நிமிஷம் ஓடும், மந்திரி சொன்ன பதில் என்ன ஆகும், செலவழித்த பணம் எங்கே போனது – மூன்றையும் பார்ப்பது மூன்று குழுக்கள்.

நேரத்தைப் பங்கு போடுகிறவர்கள்

முதலாவது, அலுவல் ஆய்வுக் குழு. சபாநாயகர்தான் இதற்குத் தலைவர். சபை எத்தனை நாள் நடக்கும், எந்தத் துறை மானியம் எந்த நாளில் என்பதை இந்தக் குழு முடிவு செய்கிறது. பத்திரிகையில் 'சபை இன்ன தேதி வரை நடக்கும்' என்று ஒரு மூலையில் வருமே, அது இங்கே முடிவானதுதான்.

சபையில் 234 எம்.எல்.ஏ.க்கள். ஒரே நாளில் இரண்டு மூன்று துறை மானியம் வருவதும் உண்டு. பேச்சு நேரம் கட்சி பலத்துக்கு ஏற்பப் பிரிகிறது. சின்னக் கட்சி உறுப்பினர் 'மாண்புமிகு' சொல்லி முடிப்பதற்குள் மணி அடித்துவிடும்! நாட்கள் குறைந்தால் முதலில் அடிபடுவது இந்த மாதிரி ஊர்ப் பிரச்சினைதான்.

இது நம் ஊர் விஷயம் மட்டும் அல்ல. அமெரிக்கப் பிரதிநிதிகள் சபையில் 'விதிகள் குழு' என்று ஒன்று உண்டு. ஒரு மசோதாவுக்கு எத்தனை மணி நேர விவாதம், எந்தத் திருத்தம் கொண்டுவரலாம், எது கூடாது என்று நிர்ணயிப்பது அதுதான். அங்கே ஆளும் தரப்பின் கடிவாளம் என்றே அதற்குப் பெயர். நேரம் யார் கையில் இருக்கிறதோ, அவர் கையில் சபை இருக்கிறது.

'பரிசீலனையில் உள்ளது!'

இரண்டாவது, அரசு உறுதிமொழிக் குழு. வாசகர்கள் முக்கியமாகத் தெரிந்துகொள்ள வேண்டியது இதைத்தான்.

நந்தன் கால்வாய் பற்றி ஒரு எம்.எல்.ஏ. கேட்கிறார் என்று வைத்துக்கொள்வோம். மந்திரி எழுந்து, "அரசின் பரிசீலனையில் உள்ளது" என்கிறார். மேஜையைத் தட்டுகிறார்கள். அடுத்த கேள்வி! டீக்கடையில் இதைப் படிக்கிறவர், "அவ்வளவுதான், கிணத்துல போட்ட கல்லு" என்பார்.

சட்டப்படி அது கிணற்றில் போட்ட கல் அல்ல. மக்களவையில் 1953-ம் ஆண்டிலேயே உறுதிமொழிக் குழு அமைக்கப்பட்டது. எந்தெந்த வார்த்தை சொன்னால் அது வாக்குறுதி ஆகும் என்று ஒரு பட்டியலே அங்கே இருக்கிறது. 'பரிசீலனையில் உள்ளது', 'கவனிக்கிறேன்', 'விசாரித்து உறுப்பினருக்குத் தெரிவிக்கிறேன்' – எல்லாம் அந்தப் பட்டியலில் அடக்கம். 3 மாதத்தில் நிறைவேற்ற வேண்டும். முடியாவிட்டால் குழுவிடம் கூடுதல் அவகாசம் கேட்க வேண்டும். கைவிடுவது என்றாலும் காரணம் சொல்லிக் குழுவின் சம்மதம் வாங்க வேண்டும்.

நம் சட்டசபையிலும் இந்தக் குழு உண்டு. 2021-ல் அமைந்த 16-வது சட்டசபையில் பண்ருட்டி எம்.எல்.ஏ. வேல்முருகன் இதன் தலைவராக இருந்திருக்கிறார். மாவட்டம் மாவட்டமாகப் போவார்கள். பணி நடந்த இடத்தைப் பார்த்துவிட்டு, கலெக்டர் ஆபீசில் அதிகாரிகளை உட்கார வைத்துக் கேட்பார்கள்.

நழுவ வழியும் இருக்கிறது. 'நிதிநிலைக்கு ஏற்பப் பரிசீலிக்கப்படும்' என்று ஒரு பதில் அடிக்கடி கேட்கிறோமே, அது வாக்குறுதியா, கைகழுவலா? நிதி எப்போது வரும் என்று சொல்லாதவரை, பிடி கொடுக்காத பதில்தான் அது.

இரண்டு மாவட்டம், ஒரே கால்வாய்

நந்தன் கால்வாயின் சிக்கலே இங்கேதான். தலை திருவண்ணாமலை மாவட்டத்தில். வால் விழுப்புரம் மாவட்டத்தில். குழு விழுப்புரம் வந்தால், "தண்ணீர் அங்கிருந்து வரணும் சார்" என்று சொல்ல வாய்ப்பு. திருவண்ணாமலை போனால், "எங்க எல்லை வரைக்கும் சரியா இருக்கு சார்" என்று சொல்ல வாய்ப்பு. இரண்டு பதிலும் பொய்யாக இருக்க வேண்டியதில்லை. ஆனால் பனமலைக்குத் தண்ணீர் வராது!

இன்னொன்று. 2021-ல் பொதுப்பணித் துறையிலிருந்து நீர்வளத் துறை தனியாகப் பிரிந்தது. துறை மாறினால் பழைய பைலைத் தேட வேண்டும். அதற்கு முன்பு கொடுத்த வாக்குக்கு இப்போது யார் பொறுப்பு என்று கேட்க ஆள் வேண்டும். இரண்டு மாவட்ட அதிகாரிகளையும், துறைச் செயலாளரையும் ஒரே மேஜையில் உட்கார வைத்துக் கேட்கும் அதிகாரம் சட்டசபைக் குழுவுக்குத்தான் உண்டு. அதைப் பயன்படுத்தாமல் ஒரு நாள் சுற்றுப்பயணத்தோடு முடித்தால், மிஞ்சுவது போட்டோ மட்டுமே.

பணம் என்ன ஆச்சு?

மூன்றாவது, பொதுக் கணக்குக் குழு. தணிக்கை அதிகாரி அறிக்கை கொடுத்த பிறகு, 'தூர் வாரினோம்' என்று எழுதிய கணக்கை இந்தக் குழு துருவலாம். இங்கிலாந்தில் கிளாட்ஸ்டன் காலத்தில், 1861-ல் பிறந்தது இந்த முறை. இந்தியாவுக்கு 1921-ல் வந்தது. நாடாளுமன்றத்தில் 1967 முதல் எதிர்க்கட்சிக்காரரே தலைவர் என்பது மரபு. கணக்கு எழுதியவரே கணக்குப் பார்க்கக் கூடாது என்பதுதான் காரணம். 16-வது சட்டசபையில் காங்கிரசின் செல்வப்பெருந்தகை இதன் தலைவராக இருந்தார். ஆளும் கட்சி இல்லை; ஆனால் ஆளும் கட்சிக்குக் கூட்டணி. மரபின் எழுத்து நின்றது. உயிர் நின்றதா என்பது கேள்வி.

அமெரிக்காவில் 1973-ல் வாட்டர்கேட் விசாரணையை ஊரே டெலிவிஷனில் பார்த்தது. நம் குழுக்களின் விசாரணை பெரும்பாலும் மூடிய கதவுக்குள். சபையில் வைக்கும் அறிக்கைதான் வெளியே வரும். கட்சி பார்க்காமல் பேச அது உதவும் என்கிறார்கள். இருக்கலாம். ஆனால் யார் என்ன பதில் சொன்னார் என்பது ஏரிக் கரையில் நிற்பவனுக்குத் தெரியாமலே போகிறது. அறிக்கையாவது நேரத்துக்கு வர வேண்டாமா?

நாம் என்ன செய்யலாம்?

சட்டசபையில் மனுக்கள் குழு என்றும் ஒன்று இருக்கிறது. மாவட்டத்துக்கு வருமுன் அறிவிப்பு வரும். பல வருஷமாகத் தீராத பொதுப் பிரச்சினையாக இருக்க வேண்டும். ஒரு மனுவில் ஒரே பிரச்சினை; 5 பிரதி. கோர்ட்டில் உள்ள வழக்கு, வேலை, கடன், சொந்தக் குறை எதுவும் கூடாது. நந்தன் கால்வாய் இந்த அளவுகோலுக்கு அப்படியே பொருந்துகிறது.

மனுவில் 'தண்ணீர் வேண்டும்' என்று மட்டும் எழுதினால் அது கோரிக்கை. 'இன்ன தேதியில், இன்ன கேள்விக்கு, மந்திரி இப்படிச் சபையில் பதில் சொன்னார், என்ன ஆயிற்று?' என்று எழுதினால் அதிகாரி பதில் சொல்லியே ஆக வேண்டும். ஆகவே சபை நடக்கும் நாட்களில் நம்ம ஊர் பெயர் வந்தால், பேப்பரைக் கிழித்து வடை மடிக்கக் கொடுத்துவிடாதீர்கள். அந்தப் பக்கத்தைத் தேதியோடு எடுத்து வையுங்கள்!