உயில் எழுதும் பேனா யார் கையில்?

மூடப்பட்ட பஞ்சாலை ஒன்றில் முப்பதாண்டு உழைத்து மடிந்த ஒரு தொழிலாளியின் மகள், சென்ற மாதம் சங்க அலுவலகத்திற்கு வந்தார். தகப்பனாரின் உயில் நகலை மேஜைமீது வைத்தார். வீடு முழுவதும் மகனுக்கு. மகளுக்குக் கல்யாணம் செய்து கொடுத்தாகிவிட்டதால் பங்கில்லை. இதுதான் உயிலின் சாரம். “பெண்ணுக்குச் சம பங்கு உண்டு என்று கூட்டத்தில் நீங்கள்தானே அண்ணா பேசினீர்கள்?” என்று கேட்டார். என்னால் உடனே பதில் சொல்ல முடியவில்லை. அதன் பிறகுதான் சட்டப் புத்தகங்களைப் புரட்டத் தொடங்கினேன்.

புதுவையில் ஒரே தெருவில் பல சட்டங்கள் குடியிருக்கின்றன. பிரெஞ்சு ஏகாதிபத்தியம் 1819இல் தன் சட்டங்களை இங்கே கொண்டுவந்தபோது, இந்தியர்களின் குடும்ப விவகாரங்களை அவரவர் ஜாதி வழக்கப்படியே நடத்த விட்டது. அந்த வழக்கப்படி, உயிரோடிருக்கும்வரை இந்துத் தகப்பனே சொத்துக்கு முழு எஜமான். மகன் உள்ள வீட்டில் மகளுக்குப் பாத்தியதை இல்லை. 1881ஆம் ஆண்டு ஆணைப்படி ஜாதி வழக்கத்தைத் துறந்து பிரெஞ்சு சிவில் சட்டத்தை ஏற்றவர்களே ‘ரெனோன்சான்’கள்.

1954இல் பிரெஞ்சு ஆட்சி அகன்றது. 1956ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டம் 1963இல் புதுவைக்கு நீட்டிக்கப்பட்டது. ரெனோன்சான்களுக்கு மட்டும் அது பொருந்தாது. உயில் எழுதாமல் ஒருவர் இறந்தால், அவருடைய சொந்தச் சம்பாத்தியத்தில் தாய், மனைவி, மகன், மகள் அனைவருக்கும் சம பங்கு என்றது அந்தச் சட்டம். பெரிய வெற்றிதான். ஆனால் அதன் 30ஆவது பிரிவு, தன் பங்கை யாருக்கு வேண்டுமானாலும் எழுதி வைக்கலாம் என்கிறது. முன்வாசலில் மகளுக்குக் கொடுத்ததைக் கொல்லைப்புற வழியாகப் பறித்துக்கொள்ள இது போதாதா?

இஸ்லாமியச் சட்டப்படி, மூன்றில் ஒரு பங்குக்கு மேல் உயில் எழுத வாரிசுகளின் சம்மதம் வேண்டும். பிரெஞ்சு சிவில் சட்டப்படி, ஒரு பிள்ளை இருந்தால் பாதியைத்தான் இஷ்டப்படி எழுதலாம். இரண்டு பிள்ளைகள் என்றால் மூன்றில் ஒன்று. மூன்றும் அதற்கு மேலும் என்றால் கால் பங்கு மட்டுமே. மிச்சம் ஆண், பெண் பேதமின்றிப் பிள்ளைகளுக்கு! அந்தச் சட்டத்தை நாம் போற்றவில்லை. 1804இல் மனைவியைப் புருஷனுக்கு அடங்கி நடக்கச் சொன்ன முதலாளி வர்க்கச் சட்டம் அது. ஆனால் அதுகூட மகளை ஒரே வரியில் வீதிக்கு அனுப்ப இடம் தரவில்லை.

“வியர்வை சிந்திச் சம்பாதித்தவனுக்கு இஷ்டப்படி கொடுக்க உரிமையில்லையா?” என்று கேட்கலாம். யார் வியர்வை? அவன் ஆலைக்குப் போனபோது, அடுப்பெரித்து, பிள்ளை வளர்த்து, சீட்டுக் கட்டி அந்த வீட்டை எழுப்பியவள் யார்? “வயதான காலத்தில் கவனிக்காத பிள்ளைக்கும் பங்கா?” என்பது இரண்டாவது கேள்வி. நியாயமான கேள்வி. அதற்காகவே ஒரு பகுதியை இஷ்டப்படி எழுத விட்டுவிடலாம். மீதிப் பகுதியில், மனைவிக்கும் மகளுக்கும் எந்த உயிலாலும் அழிக்க முடியாத பங்கு வேண்டும். இதுவே நமது கோரிக்கையாக வேண்டும்.

சட்டம் மாறும்வரை சும்மா இருப்பதா? கூடாது. இந்தியச் சட்டப்படி உயிலுக்கு முத்திரைத்தாள் தேவையில்லை, வெள்ளைத்தாள் போதும். சாட்சிகள் இருவர் வேண்டும். பதிவு கட்டாயமில்லை, ஆனால் பதிவு செய்வது நல்லது. எழுதியவர் உயிரோடிருக்கும்வரை மாற்றி எழுதலாம். இன்ஷூரன்ஸில் ‘நாமினி’ என்று பெயர் போட்டதாலேயே முழுப் பணமும் அவருக்குச் சொந்தமாகிவிடாது என்று, 2015ஆம் ஆண்டுத் திருத்தத்துக்கு முந்தைய சட்டப்படி, சுப்ரீம் கோர்ட் 1983இல் தீர்ப்பளித்தது. கல்யாணத்திற்கு முன் வருங்கால வைப்பு நிதிக்குக் கொடுத்த நியமனம் கல்யாணத்தோடு செல்லாததாகிவிடும். புதிதாக எழுதித்தர வேண்டும். எத்தனை தோழர்கள் எழுதித்தந்திருக்கிறோம்?

1936 ஜூலை 30இல் பன்னிரண்டு தொழிலாளர்கள் குண்டடிபட்டு மாண்ட ஊர் இது. அந்தத் தியாகத்தின் மீதுதான் எட்டு மணி நேர வேலை உரிமையைப் பெற்றோம். ஆலை வாசலில் உரிமை பேசுகிற நாம் வீட்டு வாசலில் என்ன செய்கிறோம்? அந்த உயிலை எழுதியவர் நம் சங்கத்துக்காரர். சாட்சிக் கையெழுத்துப் போட்ட இருவரில் ஒருவரும் நம்மவரே. மகளிர் தினத்தில் கொடி பிடித்த கைதான் அதுவும்.

உயில் பணக்காரன் விவகாரம் என்று ஒதுக்கியது நமது தவறு. பணக்காரனுக்கு வக்கீல் இருக்கிறார்; ஒற்றை ஓட்டு வீட்டுக்காரன் மகளுக்குச் சங்கம்தான் இருக்கிறது. ஒவ்வொரு சங்க அலுவலகத்திலும் இந்தச் சட்டங்களின் தமிழ் விளக்கம் இருக்கட்டும். மகளை ஒதுக்கும் உயிலில் எந்தத் தோழரும் சாட்சிக் கையெழுத்துப் போடுவதில்லை என்று முதலில் நாம் முடிவெடுப்போம்!