ஆலயத்தில் திரை வேண்டுமா?



நமது ஆலயத்தில் பெரிய எல்.இ.டி. திரை ஒன்றை அமைக்கவேண்டும் என்ற விண்ணப்பம் சபைக் கமிட்டியின் முன் இருக்கிறது. அதை ஆவலோடு எதிர்பார்க்கிறவர்களும் உண்டு. ஆலயம் திரையரங்காகிவிடுமோ என்று மனம் வருந்துகிறவர்களும் உண்டு. இரு சாராரும் வேதத்திலுள்ள இரண்டு சம்பவங்களைத் தியானிக்கும்படி வேண்டுகிறேன்.

முதலாவது, நெகேமியா எட்டாம் அதிகாரம். எருசலேமின் தண்ணீர்வாசலுக்கு முன்னான வீதியிலே ஜனங்கள் கூடிவந்தபோது, வேதபாரகனாகிய எஸ்றா, அதற்கென்றே செய்யப்பட்ட மரப்பீடத்தின்மேல் நின்று நியாயப்பிரமாணத்தை வாசித்தான். அந்த உயரத்தினால் அவன் புஸ்தகத்தைத் திறந்ததைச் சகல ஜனமும் கண்டது. ஆகையால், திருவசனம் ஜனங்களைச் சென்றடையும்படி ஒரு கருவியைச் செய்துகொள்வது குற்றமாகாது. 1715-ஆம் ஆண்டில் தரங்கம்பாடியில் சீகன்பால்க் ஐயரின் தமிழ்ப் புதிய ஏற்பாடு அச்சேறி முடிந்தபோது, ஓலைச்சுவடியில் வாசித்துப் பழகியவர்களுக்கு அச்சிட்ட தாளும் புதுமையாகத்தான் இருந்திருக்கும்.

இரண்டாவது, 2 இராஜாக்கள் பதினெட்டாம் அதிகாரம். தேவனுடைய கட்டளைப்படி மோசே உண்டாக்கிய வெண்கல சர்ப்பம், வனாந்தரத்தில் அநேகருடைய ஜீவனைக் காத்தது. பிற்காலத்திலோ இஸ்ரவேலர் அதற்கே தூபங்காட்டினார்கள்; எசேக்கியா ராஜா அதை உடைத்துப்போட்டான். நன்மைக்கென்று வந்த பொருளே நாளடைவில் தேவனுடைய இடத்தைப் பிடித்துக்கொள்ளக்கூடும்.

தூணுக்குப் பின்னால் அமர்கிறவர்கள், கண்புரையினால் சிறிய எழுத்தை வாசிக்க இயலாத முதியோர், பாமாலைப் புத்தகமின்றி முதல்முறை வருகிறவர்கள் ஆகிய இவர்கள் நிமித்தம் திரை வேண்டும் என்பதே என் கருத்து. ஆயினும் மூன்று காரியங்களில் நாம் உறுதியாயிருக்கவேண்டும்.

திரை பக்கச் சுவரில் இருக்கட்டும். பீடத்தின் நடுவில் நின்று சிலுவையை மறைக்கவேண்டாம். ஜெபவேளையிலும் திருவிருந்து ஆராதனையிலும் அது அணைந்திருக்கட்டும்.

அதில் பாட்டின் வரிகளும் வேதவசனமும் தோன்றினால் போதும். பிரசங்கியாரின் முகமும் பாடகர் குழுவின் முகங்களும் பெரிதாகத் தோன்றவேண்டியதில்லை. பத்தடி தூரத்தில் பிரசங்கியார் நிற்கும்போதே, முன்வரிசையில் இருக்கிறவருடைய கண்கள் திரையைத்தான் நாடுகின்றன. ஒளி இழுக்கும் பக்கம் கண் போகும். கண் போன பக்கம் மனமும் போகும்.

வேதாகமத்தை வீட்டில் வைத்துவிட்டு வராதிருங்கள். திரையில் ஒரு வசனம் தோன்றி மறைகிறது; அதற்கு முன்னும் பின்னும் உள்ளவை நமக்குத் தெரிவதில்லை. பெரோயா பட்டணத்தார் தாங்கள் கேட்டவை மெய்தானா என்று வேதவாக்கியங்களைத் தினந்தோறும் ஆராய்ந்தார்கள். பக்கத்தைப் புரட்டாதவன் எப்படி ஆராய்வான்? நம் மூத்தோர் பலர் கீர்த்தனைகளை மனப்பாடமாய்ப் பாடுகிறார்கள். திரையை நம்பி வளரும் பிள்ளைகளின் நெஞ்சில் எத்தனை பாட்டுகள் தங்கும்?

ஒரு ஞாயிறு ஆராதனையின் நடுவே மின்சாரம் நின்றுபோகிறது என்று வைத்துக்கொள்வோம். திரை இருண்டபின்பும் சபை தொடர்ந்து பாடுமானால், அந்தத் திரை நமக்கு ஊழியஞ்செய்தது. திரையோடு பாட்டும் நின்றுவிடுமானால், நாம் அதற்கு ஊழியஞ்செய்யத் தொடங்கிவிட்டோம். வருகிற சபைப் பொதுக்கூட்டத்தில் கை உயர்த்துமுன் இதை ஜெபத்தோடு சிந்தியுங்கள்.

கர்த்தர் நமக்கு நல்ல ஆலோசனையைத் தந்தருள்வாராக. ஆமென்.