எண்ண ஆளில்லாத குண்டுகள்

அமெரிக்காவும் ரஷ்யாவும் தங்கள் அணு ஆயுதங்களுக்குப் போட்டுக்கொண்டிருந்த கடைசிக் கடிவாளமும் 2026 பிப்ரவரி 5-ஆம் தேதியோடு கழன்றுவிட்டது. இரு நாட்டு அதிபர்களாக இருந்த ஒபாமாவும் மெத்வதேவும் 2010-இல் பிராக் நகரில் கையெழுத்திட்ட ‘புதிய ஸ்டார்ட்’ ஒப்பந்தத்தை ஒரே ஒரு முறை, அதுவும் ஐந்தாண்டுக்கு மட்டுமே நீட்டிக்கலாம் என்பது விதி. அந்த நீட்டிப்பும் முடிந்தது. ஏவத் தயாராக நிறுத்தியிருக்கும் குண்டுகள் ஒரு நாட்டுக்கு 1,550-க்கு மேல் போகக்கூடாது என்பது ஒப்பந்தத்தின் சாரம். வரம்பு போய்விட்டதே, இனி எத்தனை குண்டுகளைக் குவிப்பார்களோ என்ற கவலை நியாயமானதுதான். ஆனால் 1,550 குண்டுகளால் சாகிறவன் 3,000 குண்டுகள் விழுந்தால் இரண்டு தடவையா சாகப்போகிறான்? எதிரியின் கிடங்குக்கே போய் எண்ணிப் பார்க்கும் உரிமை பறிபோனதைத்தான் பெரிய இழப்பு என்று நாம் கருதுகிறோம்.

பனிப்போர்க் காலத்தில் உலகம் அழிவின் விளிம்புக்குப் போன சந்தர்ப்பங்களைப் பார்த்தால் இது விளங்கும். 1962 அக்டோபரில் கியூபாவில் சோவியத் ஏவுகணைகள் இருப்பது தெரிந்து கென்னடியும் குருஷேவும் மல்லுக்கு நின்றபோது, வாஷிங்டனில் இருந்த சோவியத் தூதரகம் மாஸ்கோவுக்குத் தகவல் அனுப்பியது எப்படித் தெரியுமா? சங்கேத மொழியில் எழுதிய தாளை வாங்கிப்போக, தந்தி நிறுவனத்திலிருந்து ஒரு பையன் சைக்கிளில் வருவான். வழியில் யாருடனாவது அரட்டை அடிக்க நின்றுவிடாமல் நேரே அலுவலகம் போய்ச் சேர வேண்டுமே என்று தவித்ததைத் தூதர் டோப்ரினின் பின்னாளில் எழுதியிருக்கிறார். கடைசியில் ஏவுகணைகளைத் திரும்பப் பெறும் முடிவை குருஷேவ் மாஸ்கோ வானொலியிலேயே வாசிக்கச் சொன்னார். அதைவிட வேகமான வழி அவரிடம் இல்லை. அதற்கு முந்தைய நாள், அக்டோபர் 27 அன்று, கடலடியில் நடந்தது இன்னும் மோசம். பி-59 என்ற சோவியத் நீர்மூழ்கிக் கப்பலை மேலே வரச்சொல்லி அமெரிக்கக் கப்பல்கள் சிறு பயிற்சி வெடிகளைப் போட்டன. அது சைகைதான் என்பது கப்பலில் இருந்தவர்களுக்குத் தெரியாது. கப்பலுக்குள் அணு ஆயுத டார்பிடோ இருந்தது மேலே இருந்தவர்களுக்குத் தெரியாது. போர் தொடங்கிவிட்டது என்றே எண்ணிய கேப்டன் டார்பிடோவைத் தயார் செய்யச் சொன்னதாகவும், உடனிருந்த மூத்த அதிகாரி வாசிலி ஆர்க்கிபோவ் அவரை அமைதிப்படுத்தியதாகவும் கப்பலில் இருந்தவர்கள் பிற்பாடு சொன்னார்கள்.

பயந்துபோன இரு தரப்பும் அடுத்த ஆண்டே வாஷிங்டனுக்கும் மாஸ்கோவுக்கும் நேரடித் தொடர்பு ஏற்படுத்திக்கொண்டன. சினிமாவில் காட்டுகிற சிவப்பு டெலிபோன் அல்ல; தட்டச்சு செய்து அனுப்பும் டெலிபிரிண்டர். அங்கிருந்து ஆரம்பித்து 1987-இல் எட்டிய இடம் அன்றைக்கு யாரும் கனவிலும் நினைக்காதது. நடுத்தரத் தொலைவு ஏவுகணைகளை ஒழிக்கும் ஒப்பந்தப்படி, ரஷ்யாவின் வோட்கின்ஸ்க் ஏவுகணைத் தொழிற்சாலை வாசலில் அமெரிக்க ஆய்வாளர்களும், அமெரிக்காவின் யூட்டாவில் உள்ள தொழிற்சாலை வாசலில் சோவியத் ஆய்வாளர்களும் ஆண்டுக்கணக்கில் தங்கி, உள்ளிருந்து வெளியே போவதைச் சோதித்தார்கள். 1991-க்குள் 2,692 ஏவுகணைகள் அழிக்கப்பட்டன. 1986-இல் சுமார் 70,000 ஆக இருந்த உலக அணு ஆயுத இருப்பு இன்று 12,000 சொச்சமாகக் குறைந்திருப்பதற்கு இப்படிப்பட்ட ஏற்பாடுகள் பெரிய காரணம். சோவியத் யூனியனைத் தீமையின் சாம்ராஜ்யம் என்று ஏசிய ரீகன்தான் அந்த 1987 ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார் என்பதையும் மறக்க வேண்டாம். நண்பர்களுக்குள் சோதனை எதற்கு? நம்பிக்கை இல்லாதவர்களுக்குத்தான் அது வேண்டும்.

அணுகுண்டு மீதான பயம்தானே எண்பது ஆண்டுகளாகப் பெரும் போரைத் தடுத்திருக்கிறது, ஒப்பந்தக் காகிதமா தடுத்தது என்று கேட்பவர்கள் உண்டு. பயத்துக்குப் பங்கு இல்லை என்று நாம் சொல்லவில்லை. 1962-இல் இரு தலைவர்களையும் இறங்கிவரச் செய்தது பயம்தான். ஆனால் நிலவரம் தெரிந்தவனைத்தான் பயம் நிதானிக்க வைக்கும். தெரியாதவனை அவசரப்படுத்தும். 1983 செப்டம்பர் 26-ஆம் தேதி நள்ளிரவு கடந்ததும், ஐந்து அமெரிக்க ஏவுகணைகள் கிளம்பிவிட்டதாக சோவியத் எச்சரிக்கை மையத்தில் மணி அலறியது. மூன்று வாரங்களுக்கு முன்புதான் தென்கொரியப் பயணிகள் விமானத்தை சோவியத் போர் விமானம் சுட்டு வீழ்த்தி 269 பேர் பலியாகி, உறவு கொதித்துக்கொண்டிருந்தது. பணியில் இருந்த லெப்டினன்ட் கர்னல் பெத்ரோவ், போர் தொடுக்கிறவன் ஐந்தே ஐந்து ஏவுகணைகளோடு நிறுத்துவானா என்று யோசித்து, இது கருவியின் பிழை என்று மேலிடத்துக்குச் சொன்னார். மேகங்களில் பட்ட சூரிய ஒளி செயற்கைக்கோளை ஏமாற்றியிருந்தது. அவர் இடத்தில் விதிப்புத்தகத்தை மட்டும் நம்புகிற ஒருவர் இருந்திருந்தால்? எண்பது ஆண்டு அமைதியின் பெருமையைக் குண்டுக்கே கொடுப்பவர்கள் இதற்குப் பதில் சொல்ல வேண்டும்.

இப்போதுதான் செயற்கைக்கோள்கள் எல்லாவற்றையும் படம்பிடிக்கின்றனவே, ஆளை அனுப்பி எண்ணுவானேன் என்பது இன்னொரு வாதம். செயற்கைக்கோளுக்கு ஏவுகணை இருக்கும் கிணறு தெரியும். ஏவுகணையின் தலைக்குள் ஒரு குண்டா, பல குண்டுகளா என்பது தெரியாது. இது போன்றவற்றை அறியத்தான் ஆண்டுக்கு 18 முறை வரை நேரில் போய்ப் பார்க்கும் உரிமை இருந்தது. போன இடத்தில் எந்த ஏவுகணையைத் திறப்பது என்பதை ஆய்வாளர்களே தேர்ந்தெடுப்பார்கள். அதன் மேல்மூடி கழற்றப்படும். தொழில் ரகசியம் தெரியாதபடி ஒவ்வொரு குண்டும் உறையிட்டு மூடப்பட்டிருக்க, இவர்கள் எண்ணிக்கையை மட்டும் சரிபார்த்துவிட்டு வருவார்கள். கொரோனாவில் 2020 மார்ச்சில் நின்ற இந்தச் சோதனை பிறகு தொடங்கவே இல்லை. உக்ரைன் போருக்கு நடுவே 2023 பிப்ரவரியில் புதின் ஒப்பந்தத்தையே நிறுத்திவைத்தார். ஆக, வரம்பு சாவதற்குப் பல ஆண்டுகள் முன்பே கண் போய்விட்டது.

சீனாவை விட்டுவிட்டு எந்த ஒப்பந்தமும் பயனில்லை என்று வாஷிங்டன் சொல்வதில் உண்மை இருக்கிறது. சீனாவிடம் இப்போது சுமார் 600 குண்டுகள், வேகமாகப் பெருகுகின்றன. முதலில் நீங்கள் எங்கள் அளவுக்கு இறங்கி வாருங்கள் என்கிறது பெய்ஜிங். ஆனால் உலகக் கையிருப்பில் பத்தில் ஒன்பது பங்குக்கு அருகில் அமெரிக்காவிடமும் ரஷ்யாவிடமும்தான் இருக்கிறது. மூன்றாமவன் வரட்டும் என்று இவர்கள் காத்திருப்பது, நமக்குத் தட்டிக்கழிப்பதாகவே படுகிறது. நம் பக்கத்தில் இந்தியாவும் பாகிஸ்தானும் 1992 முதல் ஆண்டுதோறும் ஜனவரி 1 அன்று தத்தம் அணுசக்தி நிலையங்களின் பட்டியலை ஒருவருக்கொருவர் கொடுத்துவருகின்றன. அவற்றைத் தாக்கமாட்டோம் என்ற உடன்பாட்டின்படி. கார்கில் போருக்குப் பிறகும் அது நிற்கவில்லை. குண்டுகளின் எண்ணிக்கையை அது தொடுவதில்லை என்றாலும், இவ்வளவு பகையிலும் இதைச் செய்ய முடிகிறது.

புதிய வரம்பு பேசி முடிக்க ஆண்டுகள் ஆகும். அமெரிக்க செனட்டில் மூன்றில் இரண்டு பங்கு வாக்கு வேண்டும். இன்றைய அரசியலில் அது குதிரைக்கொம்பு. ஆனால் ஆண்டுக்கு இரு முறை கொடுத்துவந்த கையிருப்புக் கணக்கை மறுபடி கொடுக்க எந்த செனட்டும் வேண்டாம், இரு அதிபர்களின் உத்தரவு போதும். கணக்குப் பரிமாறத் தேவையான தொடர்பு மையங்கள் 1987 உடன்பாட்டின்படியே இரு தலைநகரங்களிலும் அமைக்கப்பட்டுவிட்டன. ஏவுகணைச் சோதனைகளை முன்கூட்டித் தெரிவிக்கும் 1988 உடன்பாட்டைத் தொடர்வதாக, ஒப்பந்தத்தை நிறுத்திய கையோடு ரஷ்யாவே அறிவித்தது. அந்த வழியிலேயே கணக்கும் போகட்டும். ஆய்வாளர்களின் விசாவை அதற்கடுத்துப் பேசலாம்.