சிமெண்ட் தரைதான் தூய்மையா?

ஐப்பசி மழைக்கு முன் கொல்லையைச் சிமெண்ட் இட்டு மூடுவோர், தூய்மை ஈமானின் பாதி என்னும் நபிமொழியைத் துணைக்கு அழைக்கின்றனர். அந்நபிமொழி மண்ணை அழுக்கென்று கூறவில்லை. தண்ணீர் கிடைக்காதபோது மண்ணால் தயம்மும் செய்யக் கற்பித்த மார்க்கமல்லவா நம்முடையது?

தமிழகத்தின் ஆண்டு மழையில் ஏறத்தாழப் பாதி, அக்டோபர் முதல் டிசம்பர் வரை பொழிகிறது. அவ்வருட்கொடையைச் சாக்கடைக்கு அனுப்பிவிட்டுக் கோடையில் தண்ணீர் லாரிக்குக் காத்திருப்பது வீண்விரயமன்றி வேறென்ன?

சகோதரர்களே! பாத்திகளை மேடாக்குங்கள். காற்றில் முறியும் முருங்கைக் கிளைகளைக் கழித்துவிடுங்கள். சருகை எரிக்காமல் செடியடியில் பரப்புங்கள். இப்பணியை மனைவியின் தலையில் சுமத்தாமல் பிள்ளைகளுடன் நீங்களே இறங்குங்கள். வீட்டு வேலைகளில் குடும்பத்தாருக்கு உதவியவர்கள் நம் நபி (ஸல்) அவர்கள். நட்டதைப் பறவை உண்டாலும் அது தர்மமே என்று கற்பித்தவர்களும் அவர்களே. சிமெண்ட் தரையில் எந்தப் பறவைக்கு உணவு கிடைக்கும்?