ஏலகிரி ஏறும்போது முள்ளும் ஏறுகிறதா?

ஆம்பூர், வாணியம்பாடி பக்கத்துக் குடும்பங்களுக்கு விடுமுறை என்றால் ஏலகிரிதான். ஜோலார்பேட்டை அருகே பொன்னேரியில் திரும்பினால் 14 கொண்டை ஊசி வளைவுகள், மேலே குளிர்காற்று. ஆனால், பாதி மலையிலேயே சில கார்களின் டெம்பரேச்சர் முள் சிவப்பைத் தொட்டுவிடும்.

நெடுஞ்சாலையில் சமர்த்தாக ஓடிய வண்டி, மலையில் மட்டும் சூடாவது ஏன்? 80 கி.மீ. வேகத்தில் எதிர்க்காற்றே ரேடியேட்டரைக் குளிர்விக்கும். மலையில் முதல், இரண்டாவது கியரில் ஊர்ந்து ஏறும்போது எஞ்சினுக்கு வேலை அதிகம், காற்றோ குறைவு. அப்போது மொத்தப் பொறுப்பும் ரேடியேட்டர் ஃபேன் தலையில்தான்.

அம்பாசிடர் காலத்தில் எஞ்சின் சுற்றினால் பெல்ட் வழியாக ஃபேனும் சுற்றும். இன்றைய கார்களில் இருப்பது எலெக்ட்ரிக் ஃபேன். கூலன்ட்டின் சூட்டை சென்சார் உணர்ந்து, ரிலே மூலம் ஃபேனை ஓடவிடும். சூடு தணிந்ததும் நிறுத்திவிடும்.

சென்சார் பழுதானால், “டேஷ்போர்டுல ஒரு சுவிட்ச் வச்சுடலாம் சார், செலவு மிச்சம்” என்று சிலர் சொல்வார்கள். குழந்தைகள் வளைவுகளை எண்ண, பாட்டு ஓட, சுவிட்சைப் போட மறந்தால் போச்சு! ஹெட் கேஸ்கெட் போய்விட்டால், மிச்சம் பிடித்ததைப்போலப் பல மடங்கு செலவாகும். எப்போதும் ஓடும்படி ‘டைரக்ட்’ கொடுத்தால் எஞ்சின் தேவையான சூட்டுக்கு வரத் தாமதமாகும். ஃபேன் மோட்டாரும் சீக்கிரம் தேயும். சென்சாரை மாற்றுவதே சரி.

புது ஃபேன் வாங்கும்போது...

* உங்கள் மாடலுக்கு உரியதையே கேளுங்கள். சின்ன ஃபேன் மலையில் திணறும்.
* ஃபேனைச் சுற்றியுள்ள பிளாஸ்டிக் கூட்டைக் கழற்றி வீசாதீர்கள். ரேடியேட்டர் முழுவதிலும் காற்றை இழுக்க அதுதான் உதவுகிறது.
* ஃபேன் நிறைய கரன்ட் இழுக்கும். ரிலே, சரியான ஃப்யூஸ், தடிமனான வயர் மூன்றும் அவசியம்.
* வயரை மாற்றிக் கொடுத்தால் ஃபேன் தலைகீழாகச் சுற்றும். காற்று எஞ்சின் பக்கம் வருகிறதா என்று பாருங்கள்.

கிளம்பும் முன் வீட்டிலேயே ஒரு சோதனை. ஏசி போடாமல் எஞ்சினைக் கால்மணி நேரம் ஓடவிடுங்கள். முள் நடுவில் நிற்க, ஃபேன் தானாக ஓடி, தானாக நிற்க வேண்டும். ஏசி போட்டால் மட்டும் ஓடுகிறதா? சென்சாரைச் சந்தேகிக்கலாம்.

மலையில் முள் ஏறத் தொடங்கினால் ஏசியை நிறுத்தி, ஹீட்டரை முழுதாக வையுங்கள். எஞ்சின் சூட்டில் கொஞ்சம் வெளியேறும். சிவப்பை எட்டினால் ஓரம்கட்டி எஞ்சினை அணைத்துவிடுங்கள். ரேடியேட்டர் மூடியை உடனே திறக்கவே கூடாது. அழுத்தத்தில் இருக்கும் கூலன்ட் பொங்கி முகத்தில் அடிக்கும். நன்றாக ஆறட்டும்.

இன்னொன்று: எஞ்சினை அணைத்த பிறகும் ஃபேன் திடீரெனச் சுற்றலாம். பானெட்டைத் திறந்ததும் எட்டிப் பார்க்க ஓடிவரும் குழந்தைகளைத் தள்ளியே நிறுத்துங்கள்.